சக ஊழியரின் காலண்டரை ஃபோனில் பார்ப்பது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

புது டீமில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் ஒரு வரி உண்டு: "என் காலண்டரைப் பார்த்துட்டு ஒரு மீட்டிங் போட்டுடுங்க." சொன்னவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தால் எப்படியாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம். கேபில் வரும்போதும் கேன்டீனில் நிற்கும்போதும் கையில் இருப்பது ஃபோன் மட்டும்தான். அதில் காலண்டர் ஆப்பைத் திறந்தால் உங்கள் மீட்டிங்குகள் வரிசையாக நிற்கும், அவருடையது ஒன்றுகூடத் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை, பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய காலண்டர் உங்கள் ஃபோனில் தெரிய மூன்று விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். அவர் உங்களுக்குப் பார்க்க அனுமதி தந்திருக்க வேண்டும். அந்தக் காலண்டர் உங்கள் ஆபீஸ் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். கடைசியாக, ஃபோனில் உள்ள ஆப்பில் அதற்கு நேராக டிக் விழுந்திருக்க வேண்டும். "தெரியவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஃபோன் செட்டிங்ஸையே குடைந்துகொண்டிருப்பார்கள். கோளாறு முதல் இரண்டில் எங்கேயாவது இருக்கும். அப்படி இருக்கும்போது ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதில் பயனே இல்லை.

உங்கள் ஆபீஸ் மெயில் எதில் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். ஜிமெயில் போன்ற திரையில் மெயில் பார்க்கிறீர்கள் என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ். அவுட்லுக், டீம்ஸ் என்று போகிறது என்றால் மைக்ரோசாஃப்ட் 365. இரண்டுக்கும் வழி வேறு.

முதலில் அனுமதி

அனுமதி என்றால் முழுசாகத் திறந்துவிடுவது என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் படிகள் உண்டு. கூகுளில் கீழ்ப்படியில் இருப்பவருக்கு 'பிஸி' என்ற கட்டம் மட்டும் தெரியும். அடுத்த படியில் மீட்டிங்கின் தலைப்பு, இடம், யார் யார் வருகிறார்கள் என்ற விவரமும் தெரியும். அதற்கு மேல் போனால் மாற்றங்கள் செய்யலாம், எல்லாவற்றுக்கும் மேல்படியில் இருப்பவர் மற்றவர்களுக்கும் ஷேர் செய்யலாம். அவுட்லுக்கிலும் இதே மாதிரிதான்: பிஸியா என்று மட்டும் பார்ப்பது, தலைப்பும் இடமும் பார்ப்பது, முழு விவரம் பார்ப்பது, திருத்துவது, கடைசியாக அவர் சார்பில் நடத்துகிற 'டெலிகேட்' பொறுப்பு.

மீட்டிங் போட நேரம் தேடுகிறவருக்கு முதல் படியே போதும். ஆகவே கேட்கும்போதே, "நீங்க எப்போ ஃப்ரீன்னு தெரிஞ்சா போதும் சார், விவரம் வேண்டாம்" என்று சொல்லிக் கேளுங்கள். கொடுப்பவருக்கும் மனம் லேசாகும். அவருடைய காலண்டரில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங்கும் இருக்கும்.

ஒரே நிறுவனத்துக்குள் பல இடங்களில் இந்த முதல் படி அனுமதி எல்லோருக்கும் தானாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365-ல் வழக்கமான அமைப்பே அதுதான், நிறுவனத்தின் அட்மின் மாற்றியிருந்தால் தவிர. அதனால் யாரையும் கேட்பதற்கு முன் கீழே சொல்லியிருக்கும் படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். கட்டங்கள் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

தெரியவில்லை என்றால் அவர் ஷேர் செய்ய வேண்டும். கூகுளில் இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்யச் சொல்லுங்கள், ஃபோன் ஆப்பில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இடது பக்கம் 'மை காலண்டர்ஸ்' பட்டியலில் தன் பெயர் மேல் மவுஸை வைத்தால் மூன்று புள்ளி வரும். அதில் 'செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்'. கொஞ்சம் கீழே வந்தால் குறிப்பிட்ட ஆட்களுடன் ஷேர் செய்யும் பகுதி. அங்கே உங்கள் ஆபீஸ் மெயில் முகவரியைப் போட்டு, எந்தப் படி என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிடாதீர்கள். பல நிறுவனங்களில் வெளி முகவரிக்கு விவரம் போகாதபடி தடுத்து வைத்திருப்பார்கள்.

அவுட்லுக் பயன்படுத்துகிறவருக்கு இது இன்னும் சுலபம். ஃபோன் ஆப்பிலேயே காலண்டர் பட்டியலைத் திறந்து, தன் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கர ஐகானைத் தொட்டு, ஆளைச் சேர்த்து, அனுமதியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

கூகுள் காலண்டர் ஆப்பில்

ஷேர் செய்ததும் உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதில் காலண்டரைச் சேர்க்கச் சொல்லி ஒரு லிங்க் இருக்கும். பலர் அந்த மெயிலைப் படித்துவிட்டு "சரி, கொடுத்துட்டாங்க" என்று மூடிவிடுகிறார்கள். லிங்க்கைத் தொடாதவரை காலண்டர் உங்கள் பட்டியலில் சேராது. முடிந்தால் லேப்டாப்பில் திறந்து தொடுங்கள். ஃபோனில் தொட்டால் சில சமயம் சொந்த ஜிமெயில் கணக்கில் போய்த் திறந்து, அனுமதி இல்லை என்று சொல்லும்.

இனி ஃபோன்.

1. கூகுள் காலண்டர் ஆப்பைத் திறந்து, ஆபீஸ் கணக்கு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் தெரியும். இல்லையென்றால் அங்கேயே சேர்க்கலாம்.
2. இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடு மெனுவைத் தொடுங்கள். கணக்கு வாரியாகக் காலண்டர்கள் வரிசையாக வரும்.
3. ஆபீஸ் முகவரிக்குக் கீழே உங்கள் சக ஊழியரின் பெயரைத் தேடி, அதற்கு நேரே டிக் போடுங்கள். பெயர் இல்லையென்றால் 'ஷோ மோர்' என்று கீழே இருக்கிறதா பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் கூகுள் பாதியை மறைத்து வைக்கும்.
4. டிக் போட்டும் காலியாக இருந்தால், அதே மெனுவின் அடியில் உள்ள செட்டிங்ஸுக்குப் போய் அந்தக் காலண்டரின் பெயரைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டில் அங்கே 'ஸிங்க்' என்ற சுவிட்ச் இருக்கும். ஷேர் செய்த காலண்டர்களுக்கு இது அணைந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், பட்டியலில் நிரந்தரமாக வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஆபீஸ் கணக்கில், மூன்று கோடு மெனுவிலேயே ஆட்களைத் தேடும் பெட்டி உண்டு. பெயரை அடித்தால் அவருடைய நாள் உங்கள் நாளோடு சேர்ந்து தெரியும். இது ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் வேலை செய்யும். மீட்டிங் போடும்போதே பார்க்க விரும்பினால் புது நிகழ்வைத் தொடங்கி, ஆட்களைச் சேர்த்ததும் வரும் 'வியூ ஷெட்யூல்ஸ்' என்பதைத் தொடுங்கள். எல்லோருடைய பிஸி நேரமும் பக்கம் பக்கமாக நிற்கும். நான்கைந்து பேரை ஒரே நேரத்தில் பிடிக்க இதைவிட நல்ல வழி ஃபோனில் இல்லை.

ஐஃபோன்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் காலண்டர் ஆப்பை வைத்திருந்தால் மேலே சொன்னதே போதும். ஐஃபோனோடு வரும் ஆப்பிள் காலண்டரில் கூகுள் கணக்கைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தொல்லை. உங்கள் சொந்த மீட்டிங் எல்லாம் வரும், மற்றவர் ஷேர் செய்தது மட்டும் வராது. இதற்கென்று கூகுள் ஒரு தனிப்பக்கம் வைத்திருக்கிறது. கூகுள் காலண்டர் முகவரியோடு 'ஸிங்க்செலக்ட்' (syncselect) என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் ஷேர் செய்யப்பட்ட காலண்டர்களின் பட்டியல் இருக்கும். வேண்டியதற்கு டிக் போட்டு 'சேவ்' செய்துவிட்டு, ஐஃபோன் காலண்டரைத் திறந்து, கீழே உள்ள காலண்டர் பட்டியலில் அதற்கும் டிக் போட வேண்டும். இந்தப் பக்கம் எந்த மெனுவிலும் கண்ணில் படாது, அதனால்தான் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவுட்லுக் ஆப்பில்

ஷேர் செய்த மெயில் வந்திருந்தால் அதை அவுட்லுக் ஆப்பிலேயே திறந்து 'அக்ஸெப்ட்' கொடுங்கள். காலண்டர் தானாகவே சேர்ந்துவிடும்.

மெயில் எதுவும் வரவில்லை, நீங்களாகவே சேர்க்க வேண்டும் என்றால்:

1. ஆப்பில் கீழே உள்ள காலண்டர் ஐகானுக்குப் போங்கள்.
2. இடது மேல் மூலையில் இருப்பதைத் தொடுங்கள். வெர்ஷனைப் பொறுத்து அங்கே உங்கள் படமோ காலண்டர் ஐகானோ இருக்கும். ஓரத்தில் பட்டியல் திறக்கும்.
3. அதில் கூட்டல் குறியோடு ஒரு காலண்டர் ஐகான் இருக்கும். தொட்டு, 'ஆட் ஷேர்டு காலண்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. சக ஊழியரின் பெயரையோ மெயில் முகவரியையோ அடித்து, வரும் பெயரைச் சேருங்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே பெயரில் ஆறு பேர் இருக்கும் பெரிய நிறுவனங்களில் மெயில் முகவரியைப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. தவறான கார்த்திக்கின் காலண்டரைப் பார்த்து, சரியான கார்த்திக்குக்கு மீட்டிங் போடுவது எளிதில் நடந்துவிடும்.

லேப்டாப்பில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அங்கே தெரிகிறது, ஃபோனில் ஏன் தெரியவில்லை?" பழைய விண்டோஸ் அவுட்லுக்கில் முகவரிப் புத்தகத்திலிருந்து ஒருவரின் காலண்டரைத் திறந்தால், அது அந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். உங்கள் கணக்கில் சேராததால் ஃபோனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் காலண்டரை அங்கிருந்து நீக்கிவிட்டு, ஃபோன் ஆப்பிலோ பிரவுசரில் திறக்கும் அவுட்லுக்கிலோ புதிதாகச் சேருங்கள். பல வருடங்களுக்கு முன் ஷேர் செய்யப்பட்டதாக இருந்தால், அவரையே இன்னொரு முறை ஷேர் செய்யச் சொல்லி நீங்கள் அக்ஸெப்ட் கொடுப்பதுதான் குறுக்கு வழி.

ஆண்ட்ராய்டில் ஆபீஸ் கணக்கைச் சேர்க்கும்போது 'கம்பெனி போர்ட்டல்' ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்லலாம், ஐஃபோனில் 'மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர்' கேட்கலாம். ஆபீஸ் தகவலைப் பாதுகாக்க நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடு அது. சொந்த ஃபோனில் இதையெல்லாம் வைக்க விருப்பமில்லையென்றால், நிறுவனம் உங்கள் ஃபோனில் எதைப் பார்க்க முடியும், எதை அழிக்க முடியும் என்று ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தெரிந்ததைச் சரியாகப் படிப்பது

காலண்டர் தெரிய ஆரம்பித்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தவறுகள் நடப்பது இதற்குப் பிறகுதான்.

முதலில் லீவு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் தன் காலண்டரில் மூன்று நாளைக்கு 'லீவ்' என்று முழு நாள் நிகழ்வாகப் போட்டு வைப்பார். கூகுளிலும் சரி அவுட்லுக்கிலும் சரி, முழு நாள் நிகழ்வைச் சும்மா போட்டால் அது 'ஃப்ரீ' என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பிறந்தநாள், பண்டிகை மாதிரியான குறிப்புகள் ஒருவரின் நாளை அடைக்கக் கூடாது என்பதற்காக அப்படி. விளைவு என்னவென்றால், விவரம் பார்க்க அனுமதி இல்லாத உங்களுக்கு அவருடைய பொங்கல் விடுமுறை முழுக்க வெறும் காலி நாளாகத் தெரியும். மூன்று நாள் முழுசாகக் காலியாக இருந்தால் சந்தோஷப்படாமல், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மீட்டிங் போடுங்கள். உங்கள் லீவைப் போடும்போது, ஆபீஸ் கணக்கில் கூகுள் தரும் 'அவுட் ஆஃப் ஆஃபீஸ்' வகையைப் பயன்படுத்துங்கள். அவுட்லுக்கில் அந்த நிகழ்வின் 'ஷோ ஆஸ்' என்ற இடத்தை மாற்றுங்கள். உங்களைத் தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

'பிரைவேட்' என்று குறித்த நிகழ்வுகள், முழு விவரமும் பார்க்கும் அனுமதி இருந்தாலும் மூடியே தெரியும். உங்கள் அனுமதியில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம், அவரிடம் அது என்ன என்று கேட்கவும் வேண்டாம்.

அவுட்லுக்கில் கோடு போட்ட மாதிரி வெளிறித் தெரிகிற கட்டம், அவர் இன்னும் உறுதி செய்யாத மீட்டிங். அவசரமென்றால் அந்த நேரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். விட்டுக்கொடுப்பார்கள்.

அப்புறம் நேர மண்டலம். ஆன்சைட்டில் இருக்கும் சக ஊழியரின் காலண்டரை நீங்கள் சென்னையிலோ கோவையிலோ கொழும்பிலோ இருந்து பார்த்தால், கட்டங்கள் எல்லாம் உங்கள் ஃபோனின் நேரத்துக்கு மாற்றியே காட்டப்படும். நியூயார்க்கில் காலை 9 மணிக்கு அவர் போட்ட மீட்டிங், அங்கே கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைப்பது) நடக்கும்போது உங்களுக்கு மாலை 6.30, மற்ற மாதங்களில் இரவு 7.30. லண்டனில் காலை 9 மணி என்றால் கோடையில் உங்களுக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இந்தத் தேதிகளுக்கு இடையில் வரும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் மூன்று ஊர் ஆட்களும் சேர்கிற மீட்டிங் குழம்பும். மனக்கணக்கு போடாமல் காலண்டர் காட்டுவதை நம்புங்கள். ஆனால் கூகுள் ஆப்பின் செட்டிங்ஸில் ஃபோனின் நேர மண்டலத்தைப் பயன்படுத்து என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயணம் போய்த் திரும்பியவர்களுக்கு இது மிக முக்கியம். காலியாகத் தெரிகிற நேரம் அவருக்கு நள்ளிரவாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம், காலண்டர் அதை எச்சரிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

ஃபோனின் சின்னத் திரையில் மாதக் காட்சியில் இரண்டு பேருடைய காலண்டரைப் படிக்கவே முடியாது. ஒரு நாள் அல்லது மூன்று நாள் காட்சிக்கு மாறுங்கள். ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்கள். தினமும் தேவைப்படாதவர்களின் டிக்கை எடுத்துவிடுங்கள், வேண்டும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். எட்டுப் பேருடைய காலண்டரைத் திறந்து வைத்தால் உங்களுடைய மீட்டிங்கே கண்ணில் படாமல் போய்விடும்.

இன்னும் தெரியவில்லையா?

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அதே ஆபீஸ் கணக்கில் காலண்டரைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் சிக்கல் அனுமதியிலோ சேர்த்ததிலோ இருக்கிறது, ஃபோனை விட்டுவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். அங்கே தெரிந்து ஃபோனில் மட்டும் இல்லையென்றால் டிக், ஸிங்க், கணக்கு மூன்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தால் ஸிங்க் தாமதமாகும். ஃபோனின் செட்டிங்ஸில் ஆபீஸ் கணக்குக்குப் போய், காலண்டர் ஸிங்க் நின்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேறு நிறுவனத்து ஆள், உதாரணத்துக்கு கிளையன்ட் பக்கத்தில் இருப்பவர், என்றால் விவரங்கள் தெரியாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அட்மின் போட்ட கட்டுப்பாட்டை உங்களாலும் மாற்ற முடியாது, அவராலும் முடியாது. சிலர் இதற்கு மாற்றாகக் காலண்டரின் ரகசிய லிங்க்கை அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாவற்றையும் படிக்கலாம். போதாததற்கு, இப்படிச் சேர்த்த காலண்டர் உடனுக்குடன் மாறாது, கூகுளில் புது மாற்றம் வந்து சேர 12 மணி நேரம்கூட ஆகலாம். காலையில் தள்ளிவைத்த மீட்டிங் மாலை வரை பழைய இடத்திலேயே நிற்கும். வெளி ஆளிடம் இரண்டு மூன்று நேரத்தைச் சொல்லி, எது வசதி என்று கேட்பதே பத்திரமான வழி.

டீம் மாறும்போது

வேறு புராஜெக்ட்டுக்குப் போகும்போது பழைய டீம் ஆட்களின் காலண்டரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டிக்கை எடுப்பது மறைப்பது மட்டும்தான், காலண்டர் பட்டியலில் அப்படியே இருக்கும். அவுட்லுக் ஆப்பில் அந்தக் காலண்டருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு நீக்கலாம். கூகுளில் கம்ப்யூட்டரில் அந்தக் காலண்டரின் செட்டிங்ஸுக்குப் போய், கடைசிப் பகுதியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்பதை அழுத்த வேண்டும். அதே பகுதியில் 'டெலீட்' என்றும் ஒன்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள். டீமுக்குப் பொதுவான காலண்டரில் முழு அதிகாரம் உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும். அழுத்தினால் உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் காலண்டரைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் போய்விடும்.